கொழுப்பே, உன் விலாசம் என்ன?

கோட்டூர்புரத்தில் ஒரு வீடு. அம்மாவும் அப்பாவும் எடை பார்க்கும் மெஷினில் ஏறி இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 68 கிலோ. மறுநாள் டாக்டரிடம் போகிறார்கள். டாக்டர் இன்ச் டேப்பை எடுத்து அப்பாவின் வயிற்றைச் சுற்றி அளக்கிறார். "சார், உங்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது" என்கிறார். அம்மாவை அளந்துவிட்டு, "உங்களுக்கு 80-ஐத் தாண்டக் கூடாதும்மா" என்கிறார்.

ஒரே எடை, ஒரே டேப், ஒரே டாக்டர். அப்படியிருக்க ஏன் இரண்டு எண்கள்?

பிர்லா கோளரங்கமும், பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும், அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கிற பேட்டையில் பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடலாமா? கேட்டால் பதில் மார்செய், லண்டன், புனே என்று சுற்றி, கடைசியில் நம் சென்னைக்கே வந்து சேரும். அந்தப் பதிலில் அம்மாவின் இதயத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

கொழுப்பு என்ன செய்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கொழுப்பு நம் எதிரி அல்ல. அது இல்லாமல் யாரும் உயிர் வாழ முடியாது. மூளையிலிருந்து தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால், மிஞ்சுவதில் பாதிக்கு மேல் கொழுப்புதான். சிறுநீரகங்கள் அடிபடாமல் இருக்க அவற்றைச் சுற்றிக் கொழுப்பு இருக்கிறது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு உடம்புச் சூட்டைக் காக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கொழுப்பு என்பது சேமிப்பு. 1 கிராம் மாவுச்சத்திலிருந்து உடம்புக்குக் கிடைப்பது 4 கிலோ கலோரி. 1 கிராம் கொழுப்பிலிருந்து 9. ஒருவர் உடம்பில் 10 கிலோ கொழுப்பு இருந்தால், அதில் சுமார் 90,000 கிலோ கலோரி அடங்கியிருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000 செலவு என்று கணக்குப் போட்டால் 45 நாளைக்கு வரும். பஞ்சம் வந்து பஞ்சம் போன நாடுகளில் நம் முன்னோர் பிழைத்து வந்ததற்கு இந்தச் சேமிப்பும் ஒரு காரணம்.

இந்தக் கொழுப்பு எதில் இருக்கிறது? கொழுப்பு செல்களில். நுண்ணோக்கியில் பார்த்தால், செல்லின் நடுவே ஒரே ஒரு பெரிய எண்ணெய்த் துளி உட்கார்ந்திருக்கும். செல்லின் உட்கரு இடமில்லாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நன்றாக நிறைந்த ஒரு கொழுப்பு செல்லின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். சேமிப்பு கூடினால் துளி பெரிதாகும். செலவானால் சிறிதாகும்.

இந்தச் செல்கள் சும்மா இருப்பதும் இல்லை. 1994-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். கையிருப்பு எவ்வளவு என்று கொழுப்பு செல்கள் மூளைக்கு அனுப்பும் செய்தி அது. அதற்குப் பிறகு, கொழுப்பை வெறும் பாரமாகப் பார்த்த மருத்துவ உலகம், அதையும் ஓர் உறுப்பாகவே மதித்து ஆராயத் தொடங்கியது.

இரண்டு விலாசங்கள்

இப்போது விலாசத்துக்கு வருவோம். உங்கள் தொடையிலோ, மேல்கையின் பின்பக்கத்திலோ தோலை இரண்டு விரலால் மெல்லப் பிடித்துப் பாருங்கள். கையில் சிக்குவது தோலும் அதற்கு அடியில் உள்ள கொழுப்பும்தான். இதற்குத் தோலடிக் கொழுப்பு என்று பெயர்.

இன்னொரு வகை விரலுக்குச் சிக்காது. அது வயிற்றுத் தசைகளுக்கும் பின்னால், குடலைச் சுற்றியும் கல்லீரலை ஒட்டியும் உள்ளே இருக்கிறது. இதற்கு உள்ளுறுப்புக் கொழுப்பு என்று பெயர். கை கால் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு முன்னால் நிற்கும், தொட்டால் கெட்டியாக இருக்கும். இப்படிச் சில மாமாக்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொப்பைக்குள் இருப்பதில் இந்த உள் கொழுப்பின் பங்கு பெரிது.

எந்த விலாசத்தில் எவ்வளவு கொழுப்பு போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிப்பவற்றில் முக்கியமானது, ஒருவர் ஆணா பெண்ணா என்பது.

சிறு வயதில் பெரிய வித்தியாசம் இருக்காது. வளரிளம் பருவம் தொடங்கியதும் ஹார்மோன்கள் வேலையைத் தொடங்கும். பெண் பிள்ளைகளுக்கு ஈஸ்ட்ரோஜன் அதிகமாகச் சுரக்கும். அது கொழுப்பை இடுப்பின் கீழ்ப்பகுதிக்கும் தொடைக்கும் தோலடிக்கும் அனுப்பி வைக்கும். ஆண் பிள்ளைகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். தசை கூடும். வயது ஏற ஏற, மிச்சக் கொழுப்பு வயிற்றுப் பக்கம் போகும். நல்ல ஆரோக்கியமான பெண்ணின் உடம்பில், அதே அளவு ஆரோக்கியமான ஆணின் உடம்பில் இருப்பதைவிடக் கொழுப்பின் விகிதம் கூடுதலாகவே இருக்கும். அது குறை இல்லை. இயற்கை போட்ட கணக்கு.

அந்தக் கணக்குக்குக் காரணம் உண்டு. வயிற்றில் ஒரு குழந்தையை வளர்க்கவும், பிறந்த பிறகு தாய்ப்பால் கொடுக்கவும் மாதக்கணக்கில் கூடுதல் சக்தி வேண்டும். தொடையில் இருக்கும் கொழுப்பு மற்ற நாட்களில் அவ்வளவு எளிதாகக் கரையாது. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் அது கரைந்து பாலுக்குச் சக்தி தருகிறது. அதனால்தான் வளரும் பெண் பிள்ளைகள் பட்டினி கிடந்து இளைக்கப் பார்ப்பது ஆபத்து. கையிருப்பு மிகவும் குறைந்துபோனால் மாதவிடாயே தள்ளிப்போகும், நின்றும் போகும்.

மார்செய் டாக்டர் கவனித்தது

கொழுப்பின் விலாசத்தை முதன்முதலில் நோயோடு சேர்த்துப் பார்த்தவர் ஜான் வேக் என்ற பிரெஞ்சு மருத்துவர். பிரான்ஸின் மார்செய் நகரத்தைச் சேர்ந்தவர். பருமனாக இருக்கும் எல்லோருக்கும் சர்க்கரை நோயும் இதய நோயும் வருவதில்லையே, ஏன் என்று யோசித்தார். நோயாளிகளின் கையிலும் தொடையிலும் இருக்கும் கொழுப்பை ஒப்பிட்டு அளந்தார். 1947-ல் தன் முடிவை வெளியிட்டார். உடம்பின் மேல்பாதியில் கொழுப்பு சேர்வதை ஆண் வகை என்றும், கீழ்ப்பாதியில் சேர்வதை பெண் வகை என்றும் பிரித்தார். நோய்கள் அதிகம் சேர்வது ஆண் வகையில்தான் என்றார். பெண்ணுக்கு ஆண் வகையில் கொழுப்பு சேர்ந்தால் அவருக்கும் அதே ஆபத்து என்பதும் தெரிந்தது.

அவர் சொன்னதை உலகம் உடனே காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏறக்குறைய 40 ஆண்டு கழித்து, 1984-ல், ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரிலிருந்து இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில் 54 வயது ஆண்கள் 792 பேரை அளந்து, 13 ஆண்டு தொடர்ந்து கவனித்திருந்தார்கள். இன்னொன்றில் 1,462 பெண்களை 12 ஆண்டு கவனித்திருந்தார்கள். யாருக்கு மாரடைப்பு வரும் என்பதைச் சொல்வதில், எடையைவிட வயிற்றுச் சுற்றளவுக்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் உள்ள விகிதமே கெட்டிக்காரத்தனமாக இருந்தது. ஆண்களுக்கும் அப்படித்தான், பெண்களுக்கும் அப்படித்தான்.

எடை மெஷினால் முடியாததை, தையற்கடையில் தொங்கும் ஓர் இன்ச் டேப் செய்துவிட்டது.

வயிற்றுக்குள் இருந்தால் என்ன ஆபத்து?

வீட்டில் அரிசி மூட்டை வைக்க ஒரு ஸ்டோர் ரூம் இருக்கிறது. அது பெரிதாக இருந்தால் எத்தனை மூட்டை வந்தாலும் உள்ளே போட்டுக் கதவைச் சாத்திவிடலாம். ரூம் சிறிதாக இருந்து மூட்டைகள் வந்துகொண்டே இருந்தால்? சமையலறையில், கட்டிலுக்கு அடியில், மாடிப்படியில் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் அடுக்க வேண்டி வரும். அப்புறம் வீட்டில் ஒரு வேலையும் ஓடாது. தோலடிக் கொழுப்புதான் உடம்பின் ஸ்டோர் ரூம். பெண்களுக்குப் பொதுவாக இந்த ரூம் பெரிது, குறிப்பாக இடுப்பிலும் தொடையிலும். ஆண்களுக்குச் சிறிது. அது நிரம்பிவிட்டால் கொழுப்பு குடலைச் சுற்றியும், கல்லீரலுக்குள்ளும், தசைக்குள்ளும், இதயத்தைச் சுற்றியும் போய் உட்காரும்.

உட்கார்ந்த இடத்தில் அது அமைதியாகவும் இருக்காது. குடலைச் சுற்றியுள்ள ரத்தம் ஒரு பெரிய ரத்தக் குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. உள் கொழுப்பு விடுகிற கொழுப்பு அமிலங்கள் அந்த வழியில் கல்லீரலில் கொட்டுகின்றன. கல்லீரல் திணறிப்போய் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை ரத்தத்தில் அதிகமாக அனுப்புகிறது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினின் பேச்சு எடுபடாமல் போகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. உள் கொழுப்பு சுரக்கும் சில பொருள்கள் ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன.

கடைசியில் இதெல்லாம் இதயத்துக்குத்தான் வந்து சேர்கிறது. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. அந்தத் தசைக்கு ரத்தம் கொண்டுவருபவை கரோனரி தமனிகள். அவற்றின் அகலம் 3 அல்லது 4 மில்லிமீட்டர். ஸ்கேலை எடுத்து 4 மில்லிமீட்டர் எவ்வளவு என்று பாருங்கள். அவ்வளவு சின்னக் குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிந்து, படிந்த இடம் ஒரு நாள் வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், அதுதான் மாரடைப்பு.

தொடைக் கொழுப்போ கொழுப்பு அமிலங்களை அவசரப்பட்டு வெளியே விடுவதில்லை. பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் அது ஒரு வகையில் இதயத்துக்குப் பாதுகாப்பு.

ஒல்லியாக இருக்கும் நமக்கு ஏன் வருகிறது?

இங்கேதான் நம் ஊர்க் கதை ஆரம்பிக்கிறது. லண்டனில் சவுத்தால் என்ற பகுதி. இந்தியாவிலிருந்து போனவர்கள் நிறையப் பேர் வாழும் இடம். அங்கே பால் மெக்கீக் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு 1991-ல் வெளியானது. ஐரோப்பியர்களோடு ஒப்பிட்டால் தெற்காசியர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடுதலாக இருந்தது. இன்சுலின் எடுபடாமல் போவதும் சர்க்கரை நோயும் கூடுதலாக இருந்தன.

2004-ல் ஒரு மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு அறிவியலாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இன்னொருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் நிறை குறியீட்டெண் இருவருக்கும் 22.3. ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை எக்ஸ்ரே முறையில் அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்தியர்கள் பலரின் உடல்வாகு இதுதான் என்று தன் உடம்பையே சாட்சியாக வைத்துக் காட்டினார் யாஜ்னிக்.

இது எப்போது தொடங்குகிறது? பிறக்கும்போதே என்று அவருடைய புனே ஆய்வு சொன்னது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளுக்குச் சுமார் 3.5 கிலோ. புனேக் குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறிது. ஆனால் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. கர்ப்பத்தில் அம்மாவுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கிறதா என்பது குழந்தையின் இதயம் வரைக்கும் போகிற விஷயம் என்று இதிலிருந்து புரிகிறது அல்லவா?

சென்னை கண்டுபிடித்த எண்கள்

ஐரோப்பியர் உடம்பும் நம் உடம்பும் வேறு என்றால், அவர்களுக்கான எண்ணை வைத்து நம்மை அளப்பது எப்படிச் சரியாகும்? நமக்கான எண்ணை நாம்தான் தேட வேண்டும். அந்தத் தேடலுக்கு முன்னே வந்த ஊர்களில் சென்னை முக்கியமானது.

கோட்டூர்புரத்திலிருந்து சிறிது தூரத்தில் உள்ள கோபாலபுரத்தில் மருத்துவர் வி. மோகனும் அவர் குழுவினரும் நடத்தும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இருக்கிறது. 2001-ல் அவர்கள் 'க்யூர்ஸ்' என்ற பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். அப்போது சென்னை மாநகராட்சியில் 155 வார்டுகள். அவற்றில் 46 வார்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 20 வயதுக்கு மேற்பட்ட 26,001 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை இன்னும் விரிவாக ஆராய்ந்து, வயிற்றுச் சுற்றளவு எந்த எண்ணைத் தொடும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு ஆகியவை கோளாறு செய்யத் தொடங்குகின்றன என்று பார்த்தார்கள். ஆண்களுக்குத் தனியாக, பெண்களுக்குத் தனியாகப் பார்த்தார்கள். 2007-ல் வெளியான முடிவு: ஆண்களுக்கு 87 சென்டிமீட்டர், பெண்களுக்கு 82.

இப்போது மூன்று ஜோடி எண்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். ஐரோப்பியர்களுக்கு ஆண் 94, பெண் 80. தெற்காசியர்களுக்கு என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு வகுத்தது ஆண் 90, பெண் 80. சென்னையில் கிடைத்தது ஆண் 87, பெண் 82. பெண்களின் எண் பெரிதாக அசையவில்லை. ஆண்களின் எண்தான் இறங்கி இறங்கி வருகிறது. ஐரோப்பிய ஆணைவிட 7 சென்டிமீட்டர் முன்னாலேயே சென்னை ஆணுக்கு மணி அடித்துவிடுகிறது!

முதலில் கேட்ட கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. பெண்ணின் எலும்புக்கூடு பொதுவாகச் சிறியது. அதனால் ஆபத்து தொடங்கும் வயிற்றுச் சுற்றளவும் சிறியதாக இருக்கிறது. டாக்டர் சொன்ன இரண்டு எண்கள் யாரோ மனம்போனபடி எழுதியவை அல்ல. ஆயிரக்கணக்கானவர்களை அளந்து, தரவுகளிலிருந்து எடுத்தவை. எண்ணைத் தொட்டால் நோயாளி, தொடாவிட்டால் நல்லவர் என்றும் அர்த்தமில்லை. அந்த இடத்திலிருந்து கவனமாக இருங்கள் என்று அர்த்தம்.

அளவுகோலை மாற்றினால் முடிவும் மாறும். 2019–21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மக்களின் வயிற்றுச் சுற்றளவையும் அளந்தார்கள். அந்தத் தரவை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, இந்தியப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 12 சதவீதம் பேருக்கும் வயிற்றுப் பருமன் என்றது. ஆண்களுக்கு அவ்வளவு குறைவா என்று ஆச்சரியமாக இருக்கும். அந்தக் கணக்கில் ஆண்களுக்கு 94-ஐ எல்லையாக வைத்தார்கள். 90 என்றோ 87 என்றோ வைத்திருந்தால் ஆண்களின் பங்கு கூடியிருக்கும். செய்தித்தாளில் ஒரு சதவீதத்தைப் பார்த்தால், 'எந்த ஸ்கேலை வைத்து அளந்தார்கள்?' என்று கேளுங்கள். நல்ல விஞ்ஞானி முதலில் கேட்பது அதைத்தான்.

அந்தப் பெண்களின் 40 சதவீதமோ சாதாரண எண் இல்லை. பத்தில் நான்கு பேர்.

அம்மாவின் இதயம்

இப்போது மீதிப் பதில்: அம்மாவுக்கு அந்த எண் ஏன் முக்கியம்? பெண்களுக்குக் கொழுப்பு தொடையில் சேர்கிறது, ஈஸ்ட்ரோஜன் ரத்தக் குழாய்களுக்கும் ஓரளவு துணை நிற்கிறது. அதனால் பெண்களுக்கு மாரடைப்பு தாமதமாக வருகிறது. சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் 9 ஆண்டு பிந்தி வருவதைக் காட்டியது. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டினருக்குக் கிட்டத்தட்ட 59.

தாமதமாக வரும் என்பதை, வரவே வராது என்று பலர் புரிந்துகொண்டுவிட்டார்கள். அதுதான் பெரிய ஆபத்து. 50 வயதை ஒட்டி மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுகிறது. கொழுப்பு அதன்பின் தொடையை விட்டு வயிற்றுப் பக்கம் போகத் தொடங்குகிறது. அதுவரை இருந்த பாதுகாப்பு மெல்லக் கரைகிறது. சர்க்கரை நோய் வந்துவிட்டால் அதற்கு முன்பேகூடப் போய்விடும். உலகம் முழுவதும் பெண்களின் உயிரை அதிகம் எடுக்கும் நோய்கள் இதயமும் ரத்தக் குழாய்களும் சம்பந்தப்பட்டவைதான்.

ஆனாலும் நெடுங்காலம் இதய ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்களை வைத்தே நடந்தன. அமெரிக்க இதய மருத்துவர் பெர்னடீன் ஹீலி 1991-ல் இதைப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். ஆணுக்கு வருவதைப் போலவே அறிகுறி தெரிந்தால்தான் பெண்ணின் இதய நோயை மருத்துவர்கள் நம்புகிறார்கள் என்றார். 1993-ல் அந்த நாட்டில், அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று சட்டமே வந்தது.

நம் நாட்டில் இந்தத் துறைக்குள் துணிந்து நுழைந்த ஒரு பெண்ணை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி. 1917-ல் பர்மாவில் பிறந்தார். ரங்கூனில் மருத்துவம் படித்தார். 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, அம்மாவோடும் சகோதரிகளோடும் தப்பிக் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தார். பிறகு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் படித்து, இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர் ஆனார். டெல்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் இதய நோய்க்குத் தனிப் பிரிவு தொடங்கினார். 1962-ல் அகில இந்திய இதய அறக்கட்டளையை நிறுவினார். 1992-ல் பத்ம விபூஷண் பெற்றார். 2020-ல் காலமானபோது அவருக்கு 103 வயது.

ஒரு நூல் போதும்

வீட்டில் பெரியவர்களுக்கு நீங்களே ஒரு சின்னச் சோதனை செய்து காட்டலாம். அவர்கள் சம்மதித்தால் மட்டும்!

ஒரு நீளமான நூல் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்கச் சொல்லி, உச்சந்தலை முதல் பாதம் வரை நூலை வைத்து அந்த நீளத்துக்கு வெட்டுங்கள். நூலைச் சரிபாதியாக மடித்து, மடிப்பில் வெட்டி ஒரு பாதியை எடுங்கள். இனி வயிற்றை அளக்க வேண்டும். புடவையோ பேண்ட்டோ கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. விலாவில் கடைசி எலும்பு எங்கே முடிகிறது என்று அம்மாவே தொட்டுப் பார்க்கட்டும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்றும் பார்க்கட்டும். இரண்டுக்கும் நடுவில்தான் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டதும், அந்தப் பாதி நூலைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு முனையும் தொட்டால் நல்லது. தொடாமல் இடைவெளி விழுந்தால், வயிற்றுக்குள் கொழுப்பு கூடியிருக்கலாம் என்று அர்த்தம். ஒரு முறை டாக்டரைப் பார்த்து சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதன் பின்னால் உள்ள விதி எளிது. வயிற்றுச் சுற்றளவு, உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 158 சென்டிமீட்டர் உயரமுள்ள அம்மாவுக்கு 79. 172 சென்டிமீட்டர் உயரமுள்ள அப்பாவுக்கு 86. பார்த்தீர்களா, டாக்டரின் 80-க்கும் சென்னை ஆய்வின் 87-க்கும் பக்கத்திலேயே வந்துவிட்டோம். உயரம் உள்ளவருக்குக் கூட்டியும் குள்ளமானவருக்குக் குறைத்தும் இந்த நூல் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். நூலை எடுத்துக்கொண்டு வகுப்பில் நண்பர்களை அளக்கக் கிளம்பாதீர்கள். யாரையும் குண்டு என்றோ ஒல்லிப்பிச்சான் என்றோ கூப்பிடாதீர்கள். உங்கள் வயதில் உடம்பு மாறிக்கொண்டே இருக்கும். சிலருக்கு முதலில் சதை போட்டுப் பிறகு உயரம் வரும். சிலருக்கு முதலில் உயரம் வந்து பிறகு சதை போடும். சாப்பாட்டைக் குறைத்து இளைக்கும் யோசனை பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் டாக்டர் சொல்லட்டும்.

நடந்தால் குறையும்

நல்ல செய்தியும் உண்டு. உள்ளுறுப்புக் கொழுப்பு எளிதாகச் சேர்வது போலவே எளிதாகக் கரையவும் செய்யும். தினமும் வேகமாக நடந்தால், எடை மெஷினில் முள் பெரிதாக அசையாவிட்டாலும் உள் கொழுப்பு குறைகிறது. வயிற்றுச் சுற்றளவு சொல்லும், எடை சொல்லாது. தட்டில் சோற்றைச் சற்றுக் குறைத்து, காய், கீரை, சுண்டல், பருப்பைக் கூட்டினாலும் உதவும்.

2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அறிமுகப்படுத்தியது. சென்னையில் அது பெசன்ட் நகரில் இருக்கிறது. கோட்டூர்புரத்துப் பிள்ளைகளுக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மரங்கள் அடர்ந்த பூங்காவும் இருக்கிறது.

ஆனால் நடக்கப் போகிறவர் யார்? தமிழ்நாட்டையும் சேர்த்து நாட்டின் நான்கு பகுதிகளில் நடந்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் நடப்பது, விளையாடுவது என்று இருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆண்களைவிடப் பெண்களிடம் நிலைமை மோசம். காரணத்தை வீட்டிலேயே பார்க்கலாம். அப்பா வாக்கிங் போகும் நேரத்தில் அம்மா டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருப்பார். அதனால் உங்களுக்கு ஒரு வேலை: உங்கள் தண்ணீர் பாட்டிலை நீங்களே நிரப்புங்கள், டிபன் பாக்ஸை நீங்களே கழுவுங்கள், படுக்கையை நீங்களே மடியுங்கள். அப்பாவும் சமையலறையில் ஒரு கை கொடுக்கட்டும். அப்படி மிச்சமாகும் அரைமணி நேரம் அம்மா நடப்பதற்கு. அதை வேறு வேலைக்கு யாரும் பிடுங்கிக்கொள்ள விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மாரடைப்பு என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் நெஞ்சில் இறுக்கமோ வலியோ வருவதுதான் பொதுவான அறிகுறி. பெண்களுக்கு அதோடு சேர்ந்தோ, சில சமயம் அது பெரிதாகத் தெரியாமலோ, மூச்சு வாங்குதல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத கடும் அசதி ஆகியவை வரலாம். அம்மாவோ பாட்டியோ, "ஒண்ணுமில்லடா, கேஸ் ட்ரபிள்தான், சுக்குக் கஷாயம் குடிச்சா சரியாயிடும்" என்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்டுப் பழகியவர்கள் தங்கள் வலியையும் கடைசியில்தான் சொல்வார்கள். நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். இந்த அறிகுறிகள் திடீரென்று வந்து சில நிமிடங்களில் போகாமல் இருந்தால், பக்கத்தில் இருக்கும் பெரியவரைக் கூப்பிடுங்கள், உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வீட்டு விலாசத்தையும், பக்கத்தில் உள்ள அடையாளத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள். அடைபட்ட ரத்தக் குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ அவ்வளவு இதயத் தசை பிழைக்கும். பிறகு அது வெறும் வாயுத் தொல்லை என்று தெரிந்தாலும் போன் செய்ததில் தவறே இல்லை.